எல்லாப்பிரகடா சுப்பாராவ்

இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ள பீமவரம் என்னும் ஊர் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வூரில் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் எல்லாப்பிரகடா சுப்பாராவ் பிறந்தார். தந்தையார் ஜெகந்நாதம், தாயார் வெங்கம்மா. பிள்ளைகள் பலர், வருவாயோ குறைவு. படிப்பில் மனம் செல்லாத சிறுவன், பதின்மூன்றாம் வயதில் வீட்டை விட்டு ஓடினான். காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்பது அவன் எண்ணமாம். தாயார் அவனை மீட்டு வந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப்பள்ளியில் பயின்றபோதுதான் வெற்றி பெற்றான். பின்னாளில் உலகம் போற்றும் அறிஞராக வருவார் என்று அன்று எவரும் நினைத்திருக்க இயலாது.

சென்னை மாநிலக் கல்லூரியில் இடைநிலைப் படிப்பை முடித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்காலத்தில்தான் அவர் வாழ்க்கையின் போக்கை மாற்றிய துயரம் நேர்ந்தது. ஸ்ப்ரூ என்னும் கொடிய வயிற்றுப்போக்கு நோய்க்கு அவருடைய உடன்பிறந்தார் இருவர் அடுத்தடுத்து இரையாயினர். இந்நோய் கண்டவர்க்கு உணவின் சத்து உடலில் சேராது, இரத்தம் குன்றும், உடல் நாளுக்கு நாள் மெலியும். அதே நோய் சுப்பாராவையும் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் மருத்துவத்தால் அவர் உயிர் பிழைத்தார். இந்நோய் ஏன் வருகிறது, இதற்கு மருந்து யாது என்னும் வினாக்கள் அன்று முதல் அவர் உள்ளத்தில் தங்கின.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை மருத்துவ வகுப்பிற்கும் அவர் கதராடை அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்கு தேறியும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சிறிது காலம் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் மாமனாரின் பொருளுதவியோடு அமெரிக்கா சென்று, 1923 அக்டோபரில் பாஸ்டன் நகரை அடைந்தார். மனைவி சேஷகிரியை அவர் அதன்பின் காணவே இல்லை.

பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். இரவில் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் மலச்சட்டிகளைக் கழுவும் வேலை செய்து வயிறு வளர்த்தார். மருத்துவம் கற்றவர் செய்யும் வேலையா இது என்று அவர் நாணவில்லை. பிஸ்கே என்னும் பேராசிரியருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவைக் கண்டறியும் முறையை 1925இல் வெளியிட்டார். இன்றும் உயிர்வேதியியல் மாணவர்கள் அதனைப் பிஸ்கே–சுப்பாராவ் முறை என்றே பயில்கின்றனர். தசைகள் இயங்குவதற்கு ஆற்றல் தரும் பாஸ்போகிரியேட்டின், ஏ.டி.பி. ஆகிய பொருள்கள் பற்றிய ஆய்விலும் இருவரும் ஈடுபட்டனர். இத்துணைச் சிறப்புகள் இருந்தும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி தரவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லே ஆய்வகத்திற்குச் சென்றார்.

அங்கேதான் பழைய வினாவிற்கு விடை கிடைத்தது. ஈரலிலும் கீரையிலும் மிகச் சிறிய அளவில் காணப்படும் ஃபோலிக் அமிலத்தை, சுப்பாராவின் தலைமையில் இயங்கிய குழுவினர் 1945இல் ஆய்வகத்திலேயே செயற்கையாக உருவாக்கினர். ஒருவகை இரத்தசோகைக்கும் ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. உடன்பிறந்தாரைக் காக்க முடியாமற்போனவர், அந்நோயால் வருந்திய பிறர்க்கு மருந்து கண்டார்.

பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய சிட்னி பார்பர் என்பவர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் சார்ந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை; மாறாக, விரைந்து பெருகுவது போல் தோன்றியது. இத்தோல்வியே ஒரு புதிய எண்ணத்திற்கு வித்திட்டது. அணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் துணைசெய்கிறது எனில், அதன் செயலைத் தடுத்தால் புற்றுநோய் அணுக்களின் பெருக்கமும் நிற்குமன்றோ? சுப்பாராவின் குழுவினர், தோற்றத்தில் ஃபோலிக் அமிலத்தை ஒத்தும் செயலில் அதனைத் தடுத்தும் நிற்கும் அமினோப்டெரின் என்னும் மருந்தை உருவாக்கி அனுப்பினர். பார்பர் அதனைப் பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துக் குழந்தைகளிடம் நோய் தணிந்தது. இம்முடிவு 1948 சூன் திங்களில் வெளியாயிற்று. தணிந்த நோய் சில திங்களில் மீண்டும் தலைதூக்கியது உண்மையே. எனினும், மருந்தால் இரத்தப் புற்றுநோயை அடக்க இயலும் என்பது அன்றுதான் புலனாயிற்று. அமினோப்டெரினுக்குப் பின் அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் பயன்பாட்டிற்கு வந்தது.

இம்மருந்துகள் செயற்படும் முறை வியப்புக்குரியது. ஒவ்வோர் அணுவும் இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அதற்குத் தேவையான தைமின் என்னும் பகுதியை உருவாக்க ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. மருந்து அதனைத் தடுக்கும்போது தைமின் குன்றி, அதன் இடத்தில் யுராசில் என்னும் வேறொரு பகுதி சேர்ந்துவிடுகிறது. அணுவில் இயல்பாக அமைந்த பழுதுநீக்கும் நொதிகள் இப்பிழையை வெட்டி எறிகின்றன. ஆயினும், அவ்விடத்தில் வைக்கத் தைமின் இல்லாமையால் மீண்டும் யுராசிலே வந்து அமைகிறது. வெட்டுவதும் ஒட்டுவதுமாக இது தொடர, இறுதியில் டி.என்.ஏ. இழைகள் அறுந்து அணு மடிகிறது. விரைந்து பெருகும் அணுக்களே இதனால் பெரிதும் தாக்குறுகின்றன.

யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசின் மருந்தும் சுப்பாராவின் ஆய்வகத்திலேயே உருவாயிற்று. இத்தனையும் செய்தவர், தம் பெயரை முன்னிறுத்திக்கொள்ளாமல் உடன் உழைத்தவர்களின் பெயரே வெளிப்பட விட்டார். 1948 ஆகஸ்டு திங்களில், தம் ஐம்பத்து மூன்றாம் வயதில், உறக்கத்திலேயே உயிர் நீத்தார். டி.என்.ஏ. முறுக்கேணி வடிவம் கொண்டது என உலகம் அறிந்தது அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர், 1953இல் ஆகும். மெத்தோட்ரெக்சேட் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும், வேறு சில புற்றுநோய்களுக்கும், முடக்குவாதத்திற்கும் மருத்துவமனைகளில் கொடுக்கப்பட்டு வருகிறது.