சீம்பாலின் அருமையைச் சோதித்துக் காட்டிய தியோபால்ட் ஸ்மித்

நேற்றுத் துள்ளிய கன்று இன்று காலை எழவில்லை. காம்பை வாயில் வைத்தாலும் சப்பவில்லை. முதலில் உடம்பு சுட்டது, பிறகு காதும் காலும் சில்லிட்டன. மாலைக்குள் உயிர் போய்விட்டது. மாடு வளர்க்கும் உங்களில் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். குடல் வழியாகவோ தொப்புள் வழியாகவோ நுழைந்த பாக்டீரியா ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பெருகுவதால் வரும் சாவு இது. கால்நடை மருத்துவர்கள் செப்டிசீமியா என்பார்கள். கிருமி இருப்பதைவிட, சீம்பால் கிடைக்காமல் போவதுதான் இங்கே பெரிய குறை என்று சோதனையில் காட்டியவர் அமெரிக்கரான தியோபால்ட் ஸ்மித்.

1859-ல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள், அப்பா தையல்காரர். வீட்டில் பேசிய ஜெர்மன் பின்னாளில் கைகொடுத்தது. ராபர்ட் கோக்கின் கிருமி ஆராய்ச்சிகளை நேரடியாகவே படிக்க முடிந்தது. மருத்துவம் படித்தவர், 1884-ல் வாஷிங்டனில் அரசின் கால்நடை நோய் ஆய்வுக்குப் போய்விட்டார். அங்கே பன்றிகளில் அவர் கண்டறிந்த கிருமி, மேலதிகாரி சால்மனின் பெயரால் சால்மோனெல்லா ஆனது. உழைத்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு; இது எந்த ஊரிலும் புதிதல்ல.

அப்போது தெற்கிலிருந்து ஓட்டி வரும் மாடுகள் நன்றாக இருக்கும். அவை மேய்ந்த நிலத்தில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் காய்ச்சல் கண்டு சாகும். உண்ணிதான் காரணம் என்று மாட்டுக்காரர்கள் சொன்னார்கள். படித்தவர்கள் சிரித்தார்கள். ஸ்மித் சிரிக்கவில்லை. 1889 முதல் வேலி போட்டுப் பிரித்த நிலங்களில் மாடுகளை விட்டு, சிலவற்றின் உண்ணிகளைக் கையாலேயே பிடுங்க வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். உண்ணி இல்லாத இடத்தில் நோய் வரவில்லை. கில்போர்னுடன் சேர்ந்து 1893-ல் அவர் வெளியிட்ட அறிக்கை மாட்டுக்காரர்கள் சொன்னதையே உறுதி செய்தது.

பிறகு ஹார்வர்டில் 20 ஆண்டுகள். 1915-ல் பிரின்ஸ்டனில் ராக்பெல்லர் நிறுவனத்தின் கால்நடை நோய்ப் பிரிவுக்குத் தலைவரானார். கன்றுச் சாவு அங்கேதான் அவர் கைக்கு வந்தது. செத்த கன்றுகளின் உறுப்புகளில் ஈ.கோலை நிறைந்திருந்தது. ஆனால் அது எல்லா மாட்டின் குடலிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி. பிறகு ஏன் சில கன்றுகளை மட்டும் கொல்கிறது?

ரால்ஃப் லிட்டிலுடன் சேர்ந்து கன்றுகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவு சீம்பால் குடித்தது. மற்றதற்குப் பிறந்ததிலிருந்தே சாதாரணப் பால் மட்டும். சீம்பால் குடித்தவை பிழைத்தன. குடிக்காதவற்றில் பெரும்பாலானவை சில நாட்களில் செத்தன. 1922-ல் இது வெளிவந்தது. அதே ஆண்டு, சீம்பாலுக்குப் பதில் மாட்டு ரத்தத்தின் சீரத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். 1934-ல் ஸ்மித் காலமானார்.

காரணம் பின்னர் தெளிவானது. பசுவின் கருப்பை, நோய் எதிர்ப்புப் பொருளைக் கன்றுக்குக் கடத்துவதில்லை. அது சீம்பாலில்தான் வருகிறது. அதை அப்படியே ரத்தத்தில் சேர்க்கும் திறன் கன்றின் குடலுக்கு முதல் சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும். ஒரு நாளில் அடைபட்டுவிடும்.

நஞ்சுக்கொடி விழட்டும், பிறகு ஊட்டலாம் என்று நம் ஊர்களில் இன்றும் காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பில்தான் கன்று போகிறது. காத்திருக்க வேண்டாம், கன்று ஊட்டினால் கொடி விழவும் அது உதவும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் சீம்பால் தேவை. அதில் பாதியாவது பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும். தாயிடம் பால் இல்லையென்றால், அன்று ஈன்ற வேறு பசுவின் சீம்பால் போதும். தொப்புள்கொடியை டிஞ்சர் அயோடினில் நனையுங்கள், கன்றை உலர்ந்த வைக்கோலில் விடுங்கள். முட்டி வீங்கினாலோ, கன்று ஊட்ட மறுத்துப் படுத்தாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.