வித்யாசுந்தரி நாகரத்தினம்மாள்

மாங்காட்டிற்கு அண்மையிலுள்ள கோவூரில் சுந்தரேச முதலியாரின் விருந்தினராகத் தங்கியிருந்தபோது, அவ்வூர் இறைவன்மீது தியாகராஜர் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். கோவூர்ப் பஞ்சரத்தினம் என்னும் பெயரால் அவை இன்றும் பாடப்படுகின்றன. விருந்தோம்பிய முதலியாரின் பெயரும் அவற்றோடு சேர்ந்து நிலைத்துவிட்டது. ஆனால் 1847-இல் தியாகராஜர் மறைந்தபின், திருவையாற்றுக் காவிரிக்கரையில் அமைந்த அவருடைய சமாதி நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. 1903-இல் உமையாள்புரத்துச் சீடர்கள் அதனைச் செப்பனிட்டனர். மீண்டும் அது சீர்குலைந்தது. அவ்விடத்தில் கோயில் எழுப்பியவர் தேவதாசி மரபில் தோன்றிய பெங்களூர் நாகரத்தினம்மாள்.

1878-இல் நஞ்சன்கூட்டில் புட்டலட்சுமிக்கு மகளாகப் பிறந்தவர் அம்மையார். வடமொழியும் இசையும் நடனமும் மைசூரிலும் பெங்களூரிலும் கற்றார். இளமையிலேயே தாயை இழந்தார். பின்னர்ச் சென்னைக்கு வந்து, கச்சேரிகளாலும் கதாகாலட்சேபங்களாலும் பெரும்பொருளும் புகழும் ஈட்டினார். சென்னையில் வருமானவரி செலுத்திய முதல் பெண் கலைஞர் அவரே என்பர்.

பாடகியர் பலர் செல்வத்தோடு நின்றுவிட, இவர் ஏட்டையும் தேடினார். தஞ்சை அரசவையைச் சேர்ந்த முத்துப்பழனி என்னும் தேவதாசி பதினெட்டாம் நூற்றாண்டில் தெலுங்கில் இயற்றிய ராதிகா சாந்துவனம் என்னும் காவியத்தின் முந்தைய பதிப்பில் பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. அவற்றை மீட்டு 1910-இல் முழுமையாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்னும் குற்றச்சாட்டின்பேரில் அரசு அந்நூலைத் தடை செய்தது. அத்தடை நீங்க 1947 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆண் புலவர் பாடிய சிருங்காரம் இலக்கியமாகவும், பெண் பாடியது இழுக்காகவும் கொள்ளப்பட்ட காலம் அது!

சமாதியின் நிலையை ஆசிரியரின் கடிதத்தால் அறிந்த அம்மையார் திருவையாற்றுக்கு விரைந்தார். சுற்றியிருந்த நிலத்தை உரியவர்களிடமிருந்து பெற்று, 1921-இல் திருப்பணி தொடங்கி, 1926-இல் குடமுழுக்கு நிகழ்த்தினார். செலவு முழுவதும் தம் கையிருப்பே. அங்கே ஆண்டுதோறும் நிகழ்ந்த ஆராதனை பெரிய கட்சி, சின்னக் கட்சி என இரண்டுபட்டு நடந்து வந்தது. எதிலும் எதிரெதிராக நின்ற இவ்விரு கட்சியினரும் ஒன்றில்மட்டும் உடன்பட்டனர்: பெண்கள் பாடக்கூடாது. கோயில் கட்டுவதற்கு அவர் பணம் வேண்டும். அதன்முன் பாடுவதற்கு அவர் குரல் வேண்டா!

அம்மையார் சோர்ந்துவிடவில்லை. பெண்கள் கட்சி எனப் பெயர்பெற்ற மூன்றாம் அணியைத் திரட்டி, சமாதியின் பின்புறத்தில் தனியே ஆராதனை நடத்தினார். பாடகியரை வரவழைப்பது, பந்தலிடுவது, உணவுக்கு ஏற்பாடு செய்வது எனப் பொறுப்பனைத்தையும் ஏற்றார். பதினைந்து ஆண்டளவு விடாது நடந்த அந்த முயற்சியை ஒதுக்கிவிட முடியாத நிலை ஏற்பட்டது. 1940-ஆம் ஆண்டளவில் மூன்று கட்சிகளும் இணைந்தபோது பெண்களின் பங்கும் ஏற்கப்பட்டது.

அவருடைய தலைமை இசையோடு நிற்கவில்லை. முத்துலட்சுமி ரெட்டியார் தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் முனைந்தபோது, 1927-இல் சென்னை மாகாணத் தேவதாசியர் சங்கத்தோடு சேர்ந்து அம்மையார் எதிர்த்து நின்றார். கலை பயின்ற மகளிர் அனைவரையும் பரத்தையர் என ஒரே சொல்லால் குறிப்பதைச் சங்கத்தின் விண்ணப்பம் மறுத்தது. சட்டத்தைவிடக் கல்வியே தேவை என வற்புறுத்தியது. இதில் அவரோடு உடன்படுவது எளிதன்று. அதே மரபில் தோன்றிய மூவலூர் இராமாமிர்தத்தம்மையார் அம்முறையின் கொடுமைகளை உள்ளிருந்து அறிந்து, ஒழிப்பின் பக்கமே நின்றார். 1947-இல் சட்டம் வந்தது, அது வேண்டியதும்கூட. எனினும், பொட்டுக் கட்டும் வழக்கம் நீங்கியபோது அக்குடியினரின் கலையுரிமையும் மேடையும் பிறர் கைக்குச் சென்றதைக் காண்கையில், அம்மையாரின் அச்சத்தை வெறும் தன்னலம் எனத் தள்ளிவிட இயலவில்லை.

முதுமையில் திருவையாற்றிலேயே தங்கினார். எஞ்சிய உடைமைகளை அக்கோயிலுக்கே விருப்ப ஆவணமாக எழுதி வைத்தார். அங்கே பெண்களுக்குத் தடை இருத்தலாகாது என்பதையும் அதில் சேர்த்தார். 1952 மே 19-ஆம் நாள் மறைந்தார். தியாகராஜர் சன்னிதியை நோக்கி அமைந்த அவருடைய சமாதியில், கூப்பிய கைகளோடு அவர் சிலை அமர்ந்திருக்கிறது.