பூட்டுத் தொழிலாளியின் மகன்

நேமத்தான்பட்டியில் எங்கள் வீட்டில் மாலை வேளைகளில் மின்னழுத்தம் குறைந்துவிடும். விளக்கு மங்கும், வாளியில் போட்ட ஹீட்டர் தண்ணீரைச் சூடாக்க நெடுநேரமாகும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் திறன் என்று ஒப்பித்து மதிப்பெண் பெற்ற எனக்கு, அந்த ஹீட்டருக்கும் சூத்திரத்துக்கும் உறவு உண்டென்று தோன்றியதே இல்லை. நான் படித்த பள்ளியில் அம்மீட்டரும் வோல்ட்மீட்டரும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியே கிடந்தன.

அச்சூத்திரத்தின் முதற்பாதி ஒரு பள்ளி ஆய்வுக்கூடத்தில் பிறந்தது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அதைக் கண்டறிந்த ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1789 மார்ச் 16 அன்று பிறந்தார். தந்தை பூட்டுத் தொழிலாளி. முறையான கல்வி பெறாதபோதும் தாமாகவே கணிதம் கற்று மகன்களுக்கும் கற்பித்தவர்.

1817-இல் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியரான ஓமுக்கு அங்கிருந்த ஆய்வுக்கூடம் பெருந்துணையாயிற்று. ஆனால், அக்கால மின்கலங்களின் மின்னோட்டம் நிலையாக நில்லாததால் முதல் அளவீடுகள் பிழைத்தன. இயற்பியலாளர் பொகெண்டார்ஃபின் யோசனைப்படி, செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மின்னோட்டம் பெற்றார். வெவ்வேறு நீளமுள்ள எட்டு செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, தொங்கவிட்ட காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். கம்பி நீள நீள மின்னோட்டம் எந்தக் கணக்கில் குறைகிறது என்பது புலப்பட்டது.

1827-இல் வெளிவந்த அவரது நூலை அறிஞர் பலர் ஏற்கவில்லை. மனமுடைந்து பதவியைத் துறந்த அவர், பல ஆண்டுகள் எளிய வருவாயில் காலம் கழித்து, 1833-இல்தான் நியூரம்பர்க்கில் நல்ல பணி பெற்றார். 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளே பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. மின்னோட்டம் கம்பியைச் சூடாக்கும் கணக்கை இங்கிலாந்தின் ஜூல் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

ஓம் விரும்பிய மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி கிடைத்தது 1852-இல். அவர் மறைந்தது 1854-இல். மின்தடையின் அலகுக்கு அவர் பெயரைப் பாரிஸ் மாநாடு சூட்டியது 1881-இல்.

இப்போது எங்கள் வீட்டு ஹீட்டருக்கு வருகிறேன். 230 வோல்ட்டில் 1,000 வாட் என்று அதில் பொறித்திருந்தது. அப்படியானால் மின்னோட்டம் ஏறத்தாழ 4.35 ஆம்பியர், மின்தடை சுமார் 53 ஓம். மின்னழுத்தம் 180 வோல்ட்டாகக் குறைந்தாலும் மின்தடை பெரிதாக மாறுவதில்லை. மின்னோட்டம் 3.4 ஆம்பியராகிறது, திறனோ சுமார் 612 வாட்டாகச் சரிகிறது. மின்னழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், வெப்பத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. வெந்நீர் தாமதமானதன் காரணம் இதுவே.

வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் ரூ.15 லட்சமும் வழங்கியதால், அருகிலுள்ள காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. ஆய்வுக்கூடத்தின் அருமை அறிந்த மண் இது. இங்கு படிக்கும் பிள்ளைகள் சூத்திரத்தை ஒப்பிப்பதற்கு முன் ஒரு கம்பியையாவது தம் கையால் அளந்து பார்க்க வேண்டும். அதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. பூட்டிய அலமாரியைத் திறந்துவிட்டாலே போதும்.