சிறையில் இலக்கணம் எழுதியவர்

கோழிக்கடைக்காரரின் மகன் ஒருவர், சொல்லுக்காகச் சிறை சென்றார். சிறையிலும் சொல்லையே ஆராய்ந்தார். அவர்தான் ஜான் ஹார்ன் டூக்.

1736-ம் ஆண்டு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அவர் பிறந்தார். தகப்பனார் கோழி வியாபாரி. எனினும் மகனை ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படிக்க வைத்தார். மகன் பாதிரியார் ஆனார். மனமோ அரசியலை நாடியது.

விளம்பரத்தால் வந்த வினை

1775-ல் அமெரிக்காவில் லெக்சிங்டன், கான்கார்டு என்ற ஊர்களில் ஆங்கிலப் பட்டாளத்தாரால் பலர் மாண்டனர். அவர்களுடைய விதவைகளுக்கும் அனாதைகளுக்கும் 100 பவுன் அனுப்ப டூக் ஏற்பாடு செய்தார். மன்னரின் படை செய்தது கொலை என்று பத்திரிகையில் விளம்பரமும் கொடுத்தார்.

சர்க்கார் சும்மா இருக்குமா? 1777-ல் வழக்கு நடந்தது. ஓராண்டு சிறை, 200 பவுன் அபராதம்!

சின்னஞ்சிறு ஆங்கில இடைச்சொற்கள் மூன்றைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால்தான் தமக்குத் தண்டனை கிடைத்தது என்று டூக் கருதினார். 1778-ல் சிறையில் இருந்தபடியே அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். அதுவே விரிந்து, 1786-ல் பெரிய நூலின் முதல் பாகமாக வந்தது.

தூக்குமேடை வாசலில்

பார்லிமெண்டைச் சீர்திருத்த வேண்டும் என்று போராடிய டூக் மீது, 1794-ல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டினார்கள். குற்றம் உறுதியானால் மரணம்தான். ஆனால் ஜூரிகள் சில நிமிஷங்களிலேயே அவர் குற்றவாளி அல்ல என்று கூறிவிட்டனர்.

பெயரடைக்குள் வினை

1805-ல் நூலின் இரண்டாம் பாகம் வந்தது. அதில் பெயரடைகளை ஆராய்ந்தார். உடைந்த பானை என்கிறோம். பானையின் தன்மையைச் சொல்லும் அந்தச் சொல், உடை என்ற வினையில் பிறந்தது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். 'பிரேக்' என்றால் உடை. 'புரோக்கன்' என்றால் உடைந்த.

இப்படி வெளிப்படையாகத் தெரியாத பல சொற்களுக்குள்ளும் வினை ஒளிந்திருக்கிறது என்றார் டூக். சரியானது, உரிமை என்று பொருள்படும் 'ரைட்' என்ற சொல்லுக்கு, கட்டளையிடப்பட்டது என்பதே மூலப்பொருள் என்றார்.

அப்படியானால் அரசன் கட்டளையிட்டதெல்லாம் சரியா? இல்லை! மனித இயற்கையை அமைத்த ஆண்டவனின் கட்டளை அதைவிடப் பெரிது. அதற்கு மாறானதை மறுக்க மனிதனுக்கு உரிமை உண்டு என்று வாதாடினார். இருமுறை கூண்டில் நின்றவருக்கு இலக்கணம் வெறும் ஏட்டுப் படிப்பு அல்ல.

1812-ல் டூக் காலமானார். அவர் காட்டிய சொற்பிறப்புகளில் பல தவறானவை என்று பின்வந்த அறிஞர்கள் நிரூபித்தனர். ஆனால் வினையில் பிறந்து பெயரடையாக நிற்கும் சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம் என்பது இன்றும் உண்மை. ஒரு சொல்லின் பொருளை அறியாவிட்டால் ஒரு மனிதனின் விடுதலையே பறிபோகலாம் என்பதை, அவருடைய வாழ்க்கை காட்டியது.