பகடையைச் சோதித்த பேராசிரியர்



தூத்துக்குடிக் கடலில் 1961-ஆம் ஆண்டு வரை முத்துக்குளித்தல் நடந்தது. கடலடியில் முத்துச்சிப்பிகள் வாழும் இடத்தைப் 'பார்' என்பார்கள். குளிப்புக்கு முன்பு, பாரிலிருந்து கொஞ்சம் சிப்பிகளை மட்டும் எடுத்துத் திறந்து பார்ப்பார்கள். அதை வைத்தே பார் முழுவதும் எவ்வளவு தேறும் என்று கணிப்பார்கள். அது சரி, ஒரு கணிப்பு உண்மையோடு பொருந்துகிறதா என்று எப்படிச் சோதிப்பது? அதற்கு வழி சொன்னவர்தான் கார்ல் பியர்சன்.

பியர்சன் 1857 மார்ச் 27 அன்று லண்டனில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த பியர்சன், 1884-ல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பேராசிரியரானார். அங்கே வெல்டன் என்ற விலங்கியல் பேராசிரியர் அவருக்கு நண்பரானார்.

வெல்டன் என்ன செய்தார் தெரியுமா? 12 பகடைகளை 26,306 முறை உருட்டி, விழுந்ததையெல்லாம் எழுதி வைத்தார்! 5 அல்லது 6 மூன்றில் ஒரு பங்கு விழ வேண்டும். ஆனால் சற்றே கூடுதலாக விழுந்திருந்தது. இது தற்செயலா, பகடையில் கோளாறா?

பியர்சன் 1900-ல் விடை கண்டார். பகடையில்தான் கோளாறு! அவருடைய முறைக்குக் 'கை வர்க்கச் சோதனை' என்று பெயர். 'கை' என்பது ஒரு கிரேக்க எழுத்து.

நீங்களும் செய்து பாருங்கள். ஒரு பகடையை 60 முறை உருட்டினால், ஒவ்வொரு எண்ணும் 10 முறை விழும் என்பது கணிப்பு. ஆனால் 6 மட்டும் 20 முறையும், மற்றவை 8 முறையும் விழுந்தன என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி 10-ஆல் வகுத்தால், 6-க்கு 10 வரும். மற்ற ஐந்துக்கும் 0.4 வீதம் 2 வரும். மொத்தம் 12. இது 11-ஐத் தாண்டினால் பகடையைச் சந்தேகப்படலாம். நல்ல பகடையிலும் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து தடவை இப்படி நேரும். அதனால் மறுபடியும் உருட்டிப் பார்ப்பது நல்லது.

பகடைக்கு மட்டுமா இந்தச் சோதனை? ஓர் இயந்திரப் பாகம் எத்தனை மணி நேரம் உழைக்கும் என்று பொறியாளர்கள் கணிக்கிறார்கள். முதல் ஆயிரம் மணி நேரத்தில் எத்தனை பழுதாகும், அடுத்த ஆயிரத்தில் எத்தனை என்று எழுதி, உண்மையில் பழுதானவற்றோடு ஒப்பிடலாம். துறைமுகத்தில் பெட்டகத்தைத் தூக்கி நிற்கும் கிரேனை நினைத்துப் பாருங்கள். கணிப்பு தவறினால் கீழே நிற்பவர் உயிருக்கே ஆபத்து அல்லவா?

பியர்சன் நண்பர்களோடு 1901-ல் தொடங்கிய 'பயோமெட்ரிகா' இதழைப் படித்துத்தான் நம் மகலனோபிஸுக்குப் புள்ளியியலில் ஆர்வம் வந்தது. அவர் 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

இவ்வளவு பெரிய அறிஞரும் தவறினார். சில இனத்தவர் பிறப்பிலேயே உயர்ந்தவர் என்று பியர்சன் நம்பினார். அது தவறு. அவருடைய சோதனையிலேயே இருந்த ஒரு பிழையை 1922-ல் ஃபிஷர் என்ற இளைஞர் திருத்தினார். பியர்சன் அதை ஏற்கவில்லை. 1936 ஏப்ரல் 27 அன்று அவர் மறைந்தார்.

குழந்தைகளே, சொன்னவர் எவ்வளவு பெரியவரானாலும் அப்படியே நம்பிவிடாதீர்கள். எண்ணிப் பாருங்கள், ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்!