லிஃப்ட்காரர் மகனும் சூரியக் காந்தமும்

லிஃப்ட் நின்றுபோன நாளில்தான் அதன் அருமை நமக்குத் தெரியும். அமெரிக்காவின் சிகாகோ நகரம் 1871-இல் எரிந்து, பிறகு அடுக்கடுக்காக எழுந்தபோது, லிஃப்ட் போட்டுக் கொடுத்தே பணக்காரர் ஆனவர் வில்லியம் ஹேல். அந்தப் பணத்தில் தொலைநோக்கி வாங்கித் தரச் சொல்லி அவரை நச்சரித்த மகன்தான் ஜார்ஜ் எல்லெரி ஹேல் (1868–1938). வீட்டை ஒட்டியே ஓர் ஆய்வுக்கூடம்! எந்த அப்பா சம்மதிப்பார், சொல்லுங்கள்.

ஹேல் பிறகு கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலைக்குப் போனார். சூரிய ஒளியைப் பிரித்தால் வண்ணப்பட்டையில் மெல்லிய கருங்கோடுகள் தெரியும். ஒளி பிறக்கும் இடத்தில் காந்தம் இருந்தால் அந்தக் கோடுகள் பிளக்கும். இதைச் சோதனைச்சாலையில் கண்டவர் டச்சுக்காரரான ஜீமன். 1908-இல் ஹேல் சூரியனின் கரும்புள்ளிகளில் அதே பிளவைப் பார்த்தார். பூமிக்கு வெளியே காந்தம் இருப்பதை மனிதர் கண்டது அதுவே முதல் முறை. நம் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமிக் காந்தம் அரை காஸ் அளவு. கரும்புள்ளியிலோ சுமார் 3000 காஸ்.

அவர் அத்தோடு நிறுத்தவில்லை. முழுச் சூரியனுமே பூமியைப் போல ஒரு காந்தமா? கிரகணத்தின்போது சூரியனின் துருவங்களில் விரியும் கதிர்களைப் பாருங்கள், பள்ளியில் காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் தூவிய ஞாபகம் வரும். ஹேலுக்கும் அந்தச் சந்தேகம்தான். இதற்கெல்லாம் 150 அடிக் கோபுரம் ஒன்று எழுப்பினார். காற்றில் ஆடாமலிருக்க, கோபுரத்துக்குள் இன்னொரு கோபுரம். கீழே ஒளியைப் பிரிக்க ஆழமான குழி. ஆனால் இங்கே கோடு பிளக்கவே இல்லை, மயிரிழையிலும் சிறு பங்கு நகர்ந்தது போலத் தோன்றியது, அவ்வளவுதான். புகைப்படத் தகடுகளைக் கண்ணால் அளந்து அளந்து, துருவத்தில் சுமார் 50 காஸ் என்று அறிவித்தார்.

அது தவறு.

தலைவலியும் நரம்புத் தளர்ச்சியும் அவரை வாட்டின. 1923-இல் இயக்குநர் பதவியை விட்டார். சும்மா இருந்தாரா? பாசடீனா ஊரில் சிறிய சூரிய ஆய்வுக்கூடம் கட்டி, அந்தக் கேள்வியையே துரத்தினார். விடை தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

1950-களின் தொடக்கத்தில், ஹேலுடன் வேலை பார்த்த ஹரால்ட் பாப்காக்கும் அவர் மகன் ஹோரஸும் அதே பாசடீனா கூடத்தில், கண்ணை நம்பாமல் மின்னணுக் கருவியால் அளந்தார்கள். சூரியனின் துருவக் காந்தம் சுமார் ஒரு காஸ்தான்! சில வருடங்களில் இன்னொன்றும் தெரிந்தது: அந்தத் துருவங்கள் இடம் மாறுகின்றன, வடக்கு தெற்காக, தெற்கு வடக்காக.