வள்ளத்தில் தீவுகளைக் கற்ற அல்பிரட் ரசல் வலஸ்

அறிமுகம்

கூர்ப்பு என்றதும் சாள்ஸ் டார்வினின் பெயரே எமது நினைவுக்கு வருகின்றது. ஆனால் இயற்கைத் தேர்வு என்னும் கருத்தை டார்வினைப் போலவே தனித்து நின்று கண்டறிந்த இன்னொருவரும் உள்ளார். அவரே அல்பிரட் ரசல் வலஸ். பல்கலைக்கழகப் படிப்போ பணவசதியோ அற்ற இவர், மலாய்த் தீவுக்கூட்டத்தில் எட்டு ஆண்டுகள் அலைந்து திரிந்து உலகம் போற்றும் அறிஞரானார். கண்ட உயிரினம் யாது என்பதோடு, அது எந்த இடத்தில் வாழ்கின்றது என்பதையும் தவறாது குறித்து வைத்தமையே இவரது வெற்றியின் அடிப்படையாகும்.

இளமையும் முதற் பயணமும்

வலஸ் 1823 ஜனவரி 8 ஆம் திகதி வேல்சில் அஸ்க் என்னும் ஊருக்கு அருகே பிறந்தார். குடும்பத்தின் வறுமையினால் ஏறத்தாழ 14 வயதில் பாடசாலையை விட்டு விலகினார். தமையனுடன் சேர்ந்து நில அளவைத் தொழில் செய்தார். வயல்வெளிகளில் நடந்து திரிந்த அக்காலத்திலேயே தாவரங்கள் மீது இவருக்கு நாட்டம் உண்டாயிற்று. பின்னர் லெஸ்ரர் நகரில் ஆசிரியராக இருந்தபோது ஹென்றி பேற்ஸ் என்னும் வண்டு சேகரிப்பாளரின் நட்புக் கிடைத்தது.

இருவரும் 1848 இல் பிரேசிலின் அமேசன் காடுகளுக்குச் சென்றனர். பெரிய ஆறுகளின் ஒரு கரையில் வாழும் சில குரங்கினங்கள் மறு கரையில் இல்லாதிருப்பதை வலஸ் அங்கு அவதானித்தார். 1852 இல் அவர் நாடு திரும்பும்போது கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியது. உடன் கொண்டுவந்த சேகரிப்புகளும் குறிப்புகளிற் பெரும்பகுதியும் எரிந்து போயின. திறந்த படகில் பத்து நாட்கள் தத்தளித்த பின்னரே இன்னொரு கப்பல் அவரை மீட்டது. வேறொருவராயின் கடற்பயணத்தையே வெறுத்திருப்பார். வலசோ இரண்டு ஆண்டுகளுள் மீண்டும் புறப்பட்டார்.

மலாய்த் தீவுக்கூட்டத்தில்

1854 இல் சிங்கப்பூரை வந்தடைந்த வலஸ், 1862 வரை இன்றைய மலேசியா, இந்தோனேசியா, கிழக்குத் திமோர் ஆகிய நாடுகளின் தீவுகளில் ஏறத்தாழ 22,500 கிலோமீற்றர் பயணஞ் செய்தார். பெரும்பாலும் அப்பகுதி மக்களின் பாய்மர வள்ளங்களே அவருக்கு உதவின. சரவாக்கைச் சேர்ந்த அலி என்னும் இளைஞர் உற்ற துணையாக இருந்தார். இன்று வலசின் பெயரால் வழங்கும் சொர்க்கப் பறவையைப் பச்சான் தீவில் 1858 இல் முதலிற் பிடித்துக் கொண்டுவந்தவர் அலியே.

1860 இல் வலஸ் கோரம் தீவில் ஒரு சிறு வள்ளத்தைச் சொந்தமாக வாங்கி வைகியோ தீவுக்குப் புறப்பட்டார். சிவப்புச் சொர்க்கப் பறவையைத் தேடிச் சென்ற அப்பயணம் துன்பம் நிறைந்ததாக இருந்தது. முதலிற் சேர்ந்த வள்ளக்காரர்கள் ஓடிவிட்டனர். கரையிறங்கிய இருவர், நீரோட்டம் வள்ளத்தை இழுத்துச் சென்றமையால், ஆளில்லாத் தீவொன்றில் ஒரு மாதம் தவித்தனர். வலஸ் அனுப்பிய வள்ளமே அவர்களை மீட்டது. வள்ளம் பத்துத் தடவைகள் முருகைக் கற்பாறைகளில் தட்டியது. நான்கு நங்கூரங்கள் தொலைந்தன. பாய்களை எலிகள் அரித்தன. 12 நாட்களில் முடிய வேண்டிய திரும்பும் பயணத்துக்கு 38 நாட்கள் எடுத்தன. ஆயினும் தேடிச் சென்ற பறவையை அவர் கண்டடைந்தார்.

வலஸ் கோடு

1856 இல் வலஸ் பாலியிலிருந்து லொம்பொக் தீவுக்குக் கடந்தார். இரண்டும் ஒடுங்கிய நீரிணையொன்றினால் பிரிக்கப்பட்ட அயல் தீவுகள். பாலியில் மரங்கொத்தி போன்ற ஆசியப் பறவைகளைக் கண்ட அவர், லொம்பொக்கில் அவுஸ்திரேலியாவுக்குரிய கொண்டையுள்ள வெள்ளைக் கிளிகளைக் கண்டார். தூரம் சிறிதாயினும் வேறுபாடு பெரிதாக இருந்தது. இந்நீரிணை மிக ஆழமானது. பனிக்கட்டிக் காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்தபோது பாலி ஆசியாவுடன் நிலத்தால் இணைந்தது, லொம்பொக் இணையவில்லை. இந்நீரிணையூடாக வடக்கே செல்லும் எல்லையே வலஸ் கோடு எனப்படுகின்றது. சேகரித்த இடம் சரியாகக் குறிக்கப்படாதிருந்தால் இவ்வெல்லை வெளிப்பட்டிருக்காது.

டார்வினும் வலசும்

1858 இல், காய்ச்சலால் வருந்திய நாட்களில், சூழலுக்கு ஏற்றவை பிழைத்துப் பெருக ஏனையவை அழிகின்றன என்னும் கருத்து வலசின் மனத்தில் உதித்தது. அதைக் கட்டுரையாக எழுதி தெர்னாத்தே தீவிலிருந்து டார்வினுக்கு அனுப்பினார். இருபது ஆண்டுகளாக அதே கருத்தை ஆராய்ந்து வந்த டார்வின் திகைத்துப் போனார். டார்வினின் நண்பர்கள் இருவரது எழுத்துகளையும் அவ்வாண்டு ஜூலை 1 ஆம் திகதி இலண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒன்றாக முன்வைத்தனர். வலசிடம் முன்கூட்டி அனுமதி பெறப்படவில்லை. பின்னர் அறிந்தபோதும் அவர் பூசலிடவில்லை. 1869 இல் வெளியிட்ட தமது பயண நூலை டார்வினுக்கே உரித்தாக்கினார். டார்வினும் வலசை மறக்கவில்லை. பணமின்றி விடைத்தாள் திருத்தியும் வாழ நேர்ந்த வலசுக்கு, 1881 இல் அரசாங்க ஓய்வூதியம் கிடைக்க அவர் முன்னின்றார்.

மதிப்பீடு

வலஸ் கொண்டுவந்த மாதிரிகள் 125,660 ஆகும். அவற்றுள் 80,000 க்கு மேற்பட்டவை வண்டுகள். இவற்றைச் சேகரிப்பதற்காகப் பல பறவைகளும் விலங்குகளும் கொல்லப்பட்டன என்பதையும் நாம் மறத்தலாகாது. விற்பனையே அவரது பிழைப்பாக இருந்தது. எனினும் மனிதர் இக்காடுகளுள் புகுந்தால் அங்குள்ள உயிர்கள் அழிந்துவிடும் என அவரே எச்சரித்தார். இன்று வைகியோவுக்கு வள்ளங்களிற் செல்லும் பயணிகள் பலர் சொர்க்கப் பறவையை உயிருடன் மரத்திற் காண்பதற்காகச் செல்கின்றனர். 1913 நவம்பர் 7 ஆம் திகதி, 90 ஆவது வயதில் வலஸ் காலமானார். வறுமையும் இழப்பும் கற்றலுக்குத் தடையாகா என்பதற்கும், பார்த்ததைப் பார்த்த இடத்துடன் எழுதிவைப்பதே அறிவியலின் தொடக்கம் என்பதற்கும் அவரது வாழ்வு சான்றாகும்.

பயிற்சி வினாக்கள்

1. அமேசன் ஆறுகளில் வலஸ் அவதானித்தது யாது?
2. வலஸ் கோடு என்பதை விளக்குக.
3. வைகியோ பயணத்தில் ஏற்பட்ட இடர்கள் மூன்றைத் தருக.
4. டார்வின், வலஸ் ஆகியோரின் உறவிலிருந்து நாம் கற்கக்கூடியவை யாவை?